பகடையை உருட்டினால் சூதாட்டமா? எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தேன். “பொது ஹாலில் பகடை, சூதாட்டம், மாந்திரீகம் தொடர்பான விளையாட்டுகள் இன்று முதல் தடை செய்யப்படுகின்றன. சிறுவர்களைத் தவறான பழக்கங்களுக்கு ஆளாக்குவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.” கீழே முத்திரை, கையெழுத்து. யார் பெயரும் போடவில்லை, சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த ஹாலில் பிள்ளைகளை உட்காரவைத்து விளையாடுவது யார் என்று வாட்ச்மேனில் தொடங்கி பால் பாக்கெட் போடுகிற தம்பி வரைக்கும் தெரியும். ஆக, அந்த இரண்டாவது வரி எனக்குத்தான். அதனால் பதிலையும் நானே எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்டினீர்கள், எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்றாவது மாடிக்கு ஏறி வர வேண்டாம், வாட்ஸ்அப்பில் “கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தால் வந்திருப்பேன். தண்ணீர் மோட்டார் விஷயத்துக்கு மூன்று கூட்டம் போட்ட கமிட்டி, ஒரு மனிதனைப் பிள்ளைகளைக் கெடுக்கிறவன் என்று எழுதி ஒட்டுவதற்கு அவனிடம் விளக்கம்கூடக் கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

புகார் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கோபமும் இல்லை. இரண்டாவது மாடிப் பாட்டி பேரனுடைய ஸ்கூல் பையைச் சுத்தம் செய்யும்போது ஒரு தாள் கிடைத்திருக்கிறது. மேலே பேரன் பெயர். அதற்குக் கீழே அவன் கையெழுத்தில் “மந்திரவாதி”. அதற்கும் கீழே “உசுரு 14”. பக்கத்தில் பென்சிலில், “போனது 9, மீதி 5”. பாட்டி என்ன நினைப்பார்? யாரோ பையனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அலறியடித்துக்கொண்டு நிர்வாகி ஒருவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பதறியிருப்பேன். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கிய நிர்வாகி, ஆறாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு “என்னடா இது” என்று கேட்டிருந்தால் அவனே ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பான். அது கேரக்டர் ஷீட். விளையாட்டில் அவன் ஏற்றிருக்கும் வேஷத்தின் கணக்கு. போன வாரம் ஒரு கடல் பூதத்திடம் அடி வாங்கினான், அதனால் ஒன்பது குறைந்தது. அடுத்த வாரம் கதையில் ஒரு ராத்திரி நல்லபடியாகத் தூங்கி எழுந்தால் பதினாலும் திரும்ப வந்துவிடும். நம் உயிருக்கும் அந்த வசதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விளையாட்டு என்ன என்று இதுவரை யாரும் கேட்காததால் நானே சொல்லிவிடுகிறேன். இதற்கு ரோல்பிளே கேம் என்று பெயர். இந்த வகையில் முதன்முதலில் அச்சாகிக் கடைக்கு வந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974இல், அமெரிக்காவில், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக உலகம் முழுக்க ஆடுகிறார்கள். டிவி வேண்டாம், செல்போன் வேண்டாம், போர்டுகூட வேண்டாம். ஒருத்தர் கதையை நடத்துவார், எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். “நீங்க கோட்டை வாசலுக்கு வந்துட்டீங்க, காவல்காரன் நிக்கிறான், என்ன பண்ணப் போறீங்க?” என்று நான் கேட்பேன். அவர்கள் பேசி முடிவு செய்வார்கள். செய்ய நினைத்த காரியம் பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் பகடை வரும். அதுவும் தாயக்கட்டை மாதிரி இல்லை, இருபது முகம் உள்ளது. ஒவ்வொரு முகமும் விழ நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு.

ஒரே ஒரு உதாரணம். கோட்டையில் பீரங்கி சுடுகிறவனிடம் போய், குண்டு ரொம்ப தூரம் போகாமல் இருக்க “வெடிமருந்தைக் கொஞ்சம் கம்மியா போடுங்கண்ணே” என்று பேசி மயக்கப் பார்க்கிறான் அதே ஆறாம் வகுப்பு மந்திரவாதி. கஷ்டமான காரியம், 15 எடுத்தால்தான் பலிக்கும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் பேச்சுத் திறமைக்கு 2 கூடும். அப்படியானால் பகடையில் 13லிருந்து 20க்குள் விழ வேண்டும், எட்டு முகம், நூற்றுக்கு நாற்பது. இதை அவன் விரல்விட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னான். “நான் பக்கத்துல நின்னு பீரங்கிக்காரன்கிட்ட வெத்தலை கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறேன்” என்றார் எங்கள் கூட்டத்தில் இருக்கும் பெரியவர். கூட்டாளி உதவினால் இரண்டு முறை உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. இரண்டும் தவற வாய்ப்பு 36, ஆக வெற்றி 64 என்று என் மகள் பின்னாலிருந்து சொன்னாள். நாற்பது அறுபத்து நாலாகிவிட்டது, எதனால்? ஒருத்தர் கூட நின்றதால். அப்புறம் பையன் உருட்டினான். 4. மறுபடியும் உருட்டினான். 9. போச்சு. பீரங்கிக்காரன் இவர்களை விரட்டிவிட்டான், இவர்கள் வேறு வழி யோசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். யார் பையிலிருந்தும் பத்துப் பைசா போகவில்லை.

இதைத்தான் நீங்கள் சூதாட்டம் என்கிறீர்கள்.

நோட்டீஸைப் பற்றிக் கேட்டபோது ஒரு நிர்வாகி “கவர்மென்ட்டே தடை பண்ணியிருக்கு சார்” என்றார். எதை என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாடு அரசு 2022இல் நிறைவேற்றி 2023 ஏப்ரலில் கவர்னர் ஒப்புதல் கிடைத்த சட்டம் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரானது. பணத்தைக் கட்டி இழந்து, கடனில் மூழ்கி, உயிரையே விட்டவர்கள் இருந்ததால் வந்த சட்டம் அது, வர வேண்டிய சட்டம்தான், நானும் ஆதரிக்கிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைத்தான் தடுக்கிறது. பணம் கட்டாத ஆன்லைன் விளையாட்டுகளை அதுவே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாங்கள் ஆன்லைனிலும் இல்லை, பணமும் வைப்பதில்லை. எங்கள் மேசையில் இருப்பது ஒரு பகடை டப்பா, பென்சில், ரப்பர், காய்களுக்குப் பதிலாகப் புளியங்கொட்டையும் சோடா மூடிகளும், நடுவில் ஒரு தட்டு பொரிகடலை. விதிகளைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித் தொகுப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், அதை இறக்கித் தமிழில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பகடை உருட்டுவதே தப்பு என்றால், வைகுண்ட ஏகாதசிக்கு இதே ஹாலில் இதே சங்கத்தின் செலவில் சுண்டல் காபியோடு விடிய விடியப் பரமபதம் ஆடுகிறோமே, அது எப்படி? அன்றைக்குத் தாயம் விழுந்ததற்குக் கை தட்டியவர்களில் இந்த நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவரும் உண்டு. ஏ பிளாக் மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி ஓடும் ரம்மியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அங்கே தீப்பெட்டிக் குச்சிதான் பந்தயம் என்று சொல்கிறார்கள், நம்புகிறேன்.

மாந்திரீகத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கதையில் மந்திரவாதி உண்டு, பூதம் உண்டு, பேசும் முதலை ஒன்று உண்டு. நமக்குச் சின்ன வயதில் பாட்டி சொன்ன ஏழு கடல் ஏழு மலை கதையில் இல்லாத எதுவும் இதில் இல்லை. சாமிகளை எதிரியாக வைக்கக் கூடாது என்று விதி போட்டது பிள்ளைகள்தான், நான் இல்லை. ஊர் எல்லையில் முனீஸ்வரன் சிலை வந்தால் கதைக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டுகிறார்கள், என்னை நம்பாவிட்டால் அந்த முதல் வகுப்புக் குட்டியைக் கேளுங்கள், அவள்தான் மற்றவர்களை அதட்டுவாள்.

வேஷம் போட்டால் பிள்ளைகள் நிஜம் எது கதை எது என்று குழம்பிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. கடலூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து கட்டுகிறார்கள். துச்சாதனன் வேஷக்காரர் துகிலைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். படுகளத்தன்று ஆளைவிடப் பல மடங்கு பெரிதாக மண்ணில் துரியோதனன் உருவத்தைக் கிடத்தி, பீமன் தொடையில் அடிக்க, ஊரே கூடி நிற்கிறது. மறுநாள் காலை பீமனும் துரியோதனனும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூதாட்டம் என்ன செய்யும் என்று பாஞ்சாலி சபதம் வழியாகப் பரம்பரை பரம்பரையாகத் தெரிந்துகொண்ட ஊர் இது. எது சூது, எது வேஷம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதா நமக்கு?

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 1980களில் அமெரிக்காவில் இதே விளையாட்டைச் சாத்தான் வழிபாடு என்றும் பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்றும் பெரிய பிரசாரமே நடந்தது. அப்படி ஒரு தொடர்பு நிரூபிக்கப்படவே இல்லை. அன்றைக்கு அதை ஆடிய பிள்ளைகள் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். தடைக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று என்னால் எடுத்துத் தர முடியும். விஸ்கான்சின் மாநிலத்தில் வாபன் என்ற இடத்தில் 2004இல் இந்த விளையாட்டைத் தடை செய்தார்கள், ஒருவர் தலைமையில் எல்லோரும் ஆடுவதால் அது கோஷ்டி சேர்வதில் போய் முடியும் என்று காரணம் சொன்னார்கள், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சரி என்றது. ஆனால் அது ஒரு ஜெயில். நாம் மாதா மாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோம்.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சங்கம் மறந்துவிட்டது போலிருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. நாம் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை, எல்லோர் போனும் செத்துப்போய்க் கிடந்தது. கீழ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் முதல் மாடி ஹாலுக்கு ஏறி வந்தார்கள். அத்தனை பிள்ளைகள், ஒரு மெழுகுவத்தி, வெளியே தவளைச் சத்தம். ஒன்று அழ ஆரம்பித்தால் எல்லாம் அழும். அன்றைக்கு என்னிடம் பகடைகூட இல்லை, வீட்டு டப்பாவுக்குள் இருந்ததை இருட்டில் எங்கே தேடுவது? என் மனைவி புளிப்பானையிலிருந்து கொட்டைகளைப் பொறுக்கி, ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கிக் கொடுத்தாள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அதுதான் எண். அப்படித்தான் ஆடினோம். அந்த ராத்திரி பிள்ளைகள் தூங்கும்வரை ஒருத்தர்கூட அழவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் “பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பி பிளாக் நண்பருக்கு நன்றி” என்று போட்டது நீங்கள்தான். அந்த நண்பர் நான்தான். விளையாட்டும் இதே விளையாட்டுதான்.

கதையும் அங்கேயே பிறந்தது. ரேடியோவில் வெள்ளம் சூழ்ந்த ஊர்களின் பெயர்களை வாசித்தார்கள், நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி. “குண்டு உப்பலவாடின்னா என்ன அங்கிள், அந்த ஊர்ல எல்லாரும் குண்டா இருப்பாங்களா?” என்று ஒரு வாண்டு கேட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை, அதாவது இப்போது செயின்ட் டேவிட் கோட்டை என்கிறோமே அதை, மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது, அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். கோட்டை மட்டும் இல்லை, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் இருக்கும் ஊர்களும் சேர்த்து என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு எட்டிய ஊரெல்லாம் கம்பெனிக்கு. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்புறம் அந்த ஆறாம் வகுப்புப் பையன் கேட்டான், “குண்டு விழுந்தா ஊர் அவங்களுதா? அந்த ஊர்க்காரங்களை யாராச்சும் கேட்டாங்களா?”

கேட்கவில்லை என்றுதான் சொன்னேன். “அப்ப நாம கேப்போம்” என்றான். அன்றிலிருந்து எங்கள் கதை அதுதான். பிள்ளைகள் எல்லோரும் ஒரு உப்பளக் கிராமத்துக்காரர்கள், நாளைக்குப் பீரங்கி சுடப் போகிறார்கள், அதற்குள் என்ன செய்யலாம்? ஒரு கூட்டம் பீரங்கிக்காரனைச் சரிக்கட்டப் பார்க்கிறது, ஒன்று கெடிலத்தில் தோணி விட்டு ஆள் திரட்டுகிறது, ஒன்று செஞ்சிக்குப் போய் மராட்டியரிடம் முறையிடலாம் என்கிறது. லீவு நாளில் இவர்களே அப்பா அம்மாவை நச்சரித்து, சில்வர் பீச்சுக்கு வழக்கமாகப் போகிறவர்கள் அதைத் தாண்டிக் கோட்டையின் மிச்சம் இருக்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வந்தார்கள். பாடப் புத்தகத்தில் கோட்டையின் பெயரை ஒரு மார்க் கேள்விக்காகப் படித்த பிள்ளைகள், 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கம்பெனி இங்கேதான் தலைமையகத்தை மாற்றியது என்பதை இப்போது எனக்கே சொல்கிறார்கள். உங்கள் நோட்டீஸ் ஒட்டிய அன்று அந்தப் பையன் லிஃப்ட் பக்கத்தில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டது என்ன தெரியுமா? “நம்மளை யாராச்சும் கேட்டாங்களா அங்கிள்?” என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் அவன் வீடு இரண்டாவது மாடிதான்.

இனி என் வீட்டு விஷயம். சொல்லத் தேவையில்லைதான், ஆனால் “தவறான பழக்கம்” என்று எழுதிவிட்டதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். சி ஷிப்ட் வாரத்தில் ராத்திரி பத்துக்கு உள்ளே போனால் காலை ஆறுக்கு வெளியே. நான் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் திரும்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், “அப்பா தூங்குறாங்க” என்று குசுகுசுவென்று பேசிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கொரோனா ஊரடங்கில்தான் இந்த விளையாட்டு எனக்குப் பழக்கமானது. முன்பின் தெரியாத ஆட்களோடு வீடியோ காலில் ஆடினேன். பாதி ராத்திரியில் பக்கத்து அறையிலிருந்து “நான் அவனை வெட்டறேன், வாசல்ல எண்ணெயை ஊத்தி நெருப்பு வைக்கறேன்” என்று புருஷன் குரல் கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் தூக்கம் வரும்? என் மனைவி கதவைத் திறந்து பார்த்தாள், என்ன ஏது என்று கேட்டாள், கடைசியில் சொன்னாள், “யார் கூடவோ பேசற இந்தக் கதையை உன் புள்ளைங்க கூடப் பேசினா என்ன?” வீட்டுக்குள் இந்த விளையாட்டு வந்தது அவள் போட்ட உத்தரவில்தான். கூடவே சில நிபந்தனைகளும் போட்டாள். எட்டு மணிக்கு மேல் ஆட்டம் கிடையாது, அன்றைக்குப் பாத்திரம் என் பொறுப்பு, திங்கட்கிழமை இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். இன்றுவரைக்கும் அதில் மாற்றமில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு. அந்த வயதுப் பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் “ம்”, “தெரில”, “அப்புறம்”. விளையாட்டில் அவள் ஒரு தோணிக்காரி. என் மனைவி கம்பெனியின் துபாஷி, வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கமிஷன் அடிக்கிற ஆள், என்ன பொருத்தமோ அந்த வேஷத்தை அவளே கேட்டு வாங்கினாள். கம்பெனி ஆட்களை ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுபோக முன்பணம் வேண்டும் என்று தோணிக்காரி, வேலை முடிந்தால்தான் கூலி என்று துபாஷி. பகடை உருட்டவே இல்லை, அரை மணி நேரம் இரண்டு பேரும் பேரம் பேசியதை நாங்கள் எல்லோரும் பொரிகடலையை மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கடுத்த வாரம் வீட்டில், இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்த வேண்டும் என்று மகள் பேச்செடுத்தாள். வழக்கமாக அது கதவைச் சாத்துவதில் முடியும். இந்த முறை உட்கார்ந்து, எதற்கு நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் என்ன படிப்பாள், மார்க் குறைந்தால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மாவும் முழுசாகக் கேட்டாள். “தோணிக்காரி வீட்டுக்கே வந்துட்டா” என்று அலுத்துக்கொண்டாலும் ஒரு டியூஷனை நிறுத்திவிட்டாள். இது கெட்ட பழக்கம் என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும்.

நான் சொன்ன பெரியவர், வெற்றிலை கொடுத்து உதவினாரே, அவர் மின்வாரியத்தில் இருந்து ரிட்டயரானவர், மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார், மகன் வெளிநாட்டில். எங்கள் கதையில் அவர் பூட்டுத் திறக்கிற திருடன். வாழ்க்கை முழுக்க நேர்மையாக இருந்தாச்சு தம்பி, இங்கேயாவது திருடறேன் என்று சொல்லித்தான் சேர்ந்தார். பெயரன் வயதுப் பிள்ளைகள் “தாத்தா, நீங்க சுவரேறுங்க, நாங்க நாயைப் பாத்துக்கறோம்” என்று அவருக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பதும், அவர் அதை அப்படியே கேட்டு நடப்பதும் நம் குடியிருப்பில் வேறு எங்கே நடக்கும்? சங்கத்தின் மூத்த குடிமக்கள் நலத் திட்டம் என்று ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் இருக்கிறது. அவரிடம் போய், அந்தப் பக்கத்தால் அவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து போன் நோண்டுகிறார்கள், யாரும் யாரோடும் பேசுவதில்லை என்று போன பொதுக்குழுவில் வருத்தப்பட்டதும் இதே நிர்வாகம்தான். வாரத்தில் மூன்று மணி நேரம் போனைத் தட்டில் வைத்துவிட்டு மூன்று தலைமுறை ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுகிறது, அதை நிறுத்திவிட்டீர்கள். நோட்டீஸுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். படிக்கட்டில்.

சத்தம் வருகிறது என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. வரும். பூதம் விழுந்தால் கத்துவார்கள். பிறந்தநாள் பார்ட்டிக்கு ஸ்பீக்கர் வைக்கும்போது வராத புகார் இதற்கு வருவது ஆச்சரியம்தான், ஆனாலும் முதல் மாடியில் உடம்பு முடியாதவர் இருக்கிறார் என்றால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், நேரத்தை மாற்றலாம், அதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயம். சத்தம் பிரச்சினை என்றால் சத்தம் என்றே எழுதுங்கள். சூது, மாந்திரீகம் என்று எழுதாதீர்கள். அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை என் வீட்டு வாசல் பக்கமே அனுப்புவதில்லை. என் மகன் நாலாம் வகுப்பு, அவனோடு தினமும் சைக்கிள் ஓட்டியவன் இப்போது எங்களைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த நோட்டீஸை எடுத்துவிட்டு, தடை நீக்கப்பட்டது என்று அதே லிஃப்ட் பக்கத்தில், அதே அளவு தாளில், அதே முத்திரையோடு ஒட்டுங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் போதாது. சிறுவர்களைத் தவறான பழக்கத்துக்கு ஆளாக்குவது என்ற வரியைக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்திலிருந்தும் நீக்க வேண்டும், நீக்கியதை எழுத்தில் தர வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், நான் பேச மாட்டேன், பிள்ளைகளும் அந்தப் பெரியவரும் பேசுவார்கள், வேண்டுமானால் கமிட்டியில் ஒருவர் ஒரு வேஷம் எடுத்து உட்கார்ந்து பார்க்கலாம், கோட்டைக் காவல்காரன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டாவது மாடிப் பாட்டியையும் அவசியம் கூப்பிடுங்கள், அவர் மனதில் இருக்கும் பயத்தை அவர் பேரனே போக்கட்டும். ஞாயிறு ஐந்து முதல் எட்டு வரை ஹாலை மற்ற நிகழ்ச்சிகளுக்கு என்ன வாடகையோ, என்ன கரண்ட் சார்ஜோ அதே கணக்கில் எங்களுக்குத் தாருங்கள், ரசீது போட்டுக் கட்டுகிறோம். கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றால் அதற்கும் சம்மதம். இனிமேல் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எந்த முடிவாக இருந்தாலும் ஒட்டுவதற்கு முன் அந்தந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது என்று ஒரு தீர்மானமும் போடுங்கள்.

இதற்குப் பதில் பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னாலாவது எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் கூட்டத்தில் எழுந்து நின்று இந்த மடலையே வாசிப்பேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ஹால் பீரோவில் பிள்ளைகளின் கேரக்டர் ஷீட்டுகளும் பகடை டப்பாவும் என் விதி நோட்டும் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கின்றன. சாவி தன்னிடம் இல்லை என்கிறார் வாட்ச்மேன். பதில் எப்போது வந்தாலும் சரி, அவற்றை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாவது மாடிக் குடியிருப்பாளர்,
கடலூர்